களிம்பு தீர்க்கும் நோயும் தீர்க்காத நோயும்



புற்றுநோயைக் களிம்பு பூசிக் குணப்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். சில வகைகளைக் குணப்படுத்தலாம் என்பதே விடை. ஆனால் எதை, எங்கே என்பதுதான் முக்கியம்.

வெயிலால் தோலில் தோன்றும் சொரசொரப்பான திட்டுகள் சில, நாளடைவில் புற்றாக மாறக்கூடியவை. 1957-இல் அறிமுகமான ஃபுளோரோயூராசில் என்னும் மருந்தை வேறு புற்றுநோய்களுக்கு ஊசியாகப் பெற்றவர்களின் தோலில் இருந்த இத்தகைய திட்டுகள் சிவந்து, பின்பு மறைவதை மருத்துவர்கள் கண்டார்கள். அதிலிருந்தே அது களிம்பாயிற்று. வேகமாகப் பெருகும் கெட்ட உயிரணுக்களை அது அழிக்கிறது. சில வாரங்கள் தோல் சிவந்து, புண்ணாகி, பிறகு ஆறும். இமிகுமோட் என்னும் இன்னொரு களிம்பு, நம் உடலின் எதிர்ப்புச் சக்தியையே தூண்டிவிட்டு வேலை வாங்குகிறது. மேலோட்டமான தோல் புற்றுக்கும் 2004 முதல் அது அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டுள்ளது. இரண்டுமே தோலின் மேற்பரப்போடு நிற்கும் நோய்க்கு மட்டுமே உரியவை.

நம்மவர்களின் கருமை நிறம் வெயிலுக்கு ஓரளவு கவசம். ஆகையால் அவ்வகைத் தோல் புற்று நம்மிடம் குறைவு. நம்மைத் தேடி வருவது வாய்ப் புற்றுநோய். மலேசியாவில் 1993-94-இல் நடந்த தேசிய வாய்நோய் ஆய்வில், புற்றுக்கு முந்திய படலங்கள் இந்தியரிடமே மிக அதிகமாகக் காணப்பட்டன. காரணம் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்தது. தாம்பூலத் தட்டைக் குறை கூற நான் வரவில்லை. தட்டில் இருக்கும் வெற்றிலை மரியாதை. நாள் முழுதும் கன்னத்தில் அடக்கி வைக்கும் வெற்றிலையே ஆபத்து.

வாயில் தோன்றும் வெண்படலத்துக்கும் களிம்பு போடலாமே என்று தோன்றும். பூசும் மருந்தும், வைட்டமின் மாத்திரையும் பரிசோதிக்கப்பட்டன. அந்த ஆய்வுகளை 2016-இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, சிலருக்குப் படலம் மறைந்தாலும், பின்னர் புற்று வராமல் தடுத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. மறைந்த படலம் பலருக்குத் திரும்பியும் வந்தது. கடையில் வாங்கும் வாய்ப்புண் களிம்பு வலியை மரக்கச் செய்யும். நோய் உள்ளே வளரும். வலி இல்லை என்பதால் நோய் இல்லை என்று எண்ண வேண்டாம். தொடக்கத்தில் புற்றுப் படலம் பெரும்பாலும் வலிப்பதில்லை.

செய்ய வேண்டியது எளிது. மாதம் ஒருமுறை விளக்கொளியில், கண்ணாடி முன்னே கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் ஓரம், நாக்கின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய் அகலத் திறக்க முடியாத இறுக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்துக்குச் செல்லுங்கள். பல்வலி இருக்க வேண்டியதில்லை. தேவையானால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள்.

பார்ப்பதால் மட்டும் பயன் உண்டா? உண்டு. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்தார்கள். புகையிலை அல்லது மது பழக்கம் உடையோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்ததை 2005-இல் வெளியிட்டார்கள். மருந்தில்லாமல், ஒரு விளக்கும் இரு கண்களும் செய்த வேலை அது. நம் நாட்டுச் சுகாதார அமைச்சும் 1997-இல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது.

செம்பனைக் காட்டில் உழைத்த நம் பாட்டிமாரும் அம்மாமாரும் களைப்பு தீர வெற்றிலை போட்டவர்கள். இன்று வீட்டுக்குச் சென்றதும் அவர்களிடம் ‘ஆ காட்டுங்கள்’ என்று கேளுங்கள். அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய முதல் வைத்தியம் அதுவே.