மினிட்ஸ் புக்கில் என் கையெழுத்து: கிராமத்து ஆஸ்பத்திரியை யார் நிர்வகிக்கிறார்கள்?

(எபிசோடில் பேசியது, வாசிப்பதற்காகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு ஒரு தப்பை ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன். ஒரு ஆஸ்பத்திரியோட நிர்வாகக் குழுவில் நான் இரண்டு வருஷம் உறுப்பினரா இருந்தேன். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கல.

தென் மாவட்டத்தில், எங்க அப்பா ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி அது. 20 படுக்கை. ஊர்க்காரங்க காசு போட்டு ஆரம்பிச்ச டிரஸ்ட் நடத்துது. அப்பா அதில் டிரஸ்டியா இருந்தார். அவர் இறந்த கொஞ்ச நாளில் டிரஸ்ட் தலைவர் எனக்கு போன் பண்ணினார். ஊரில் எல்லாரும் அவரை அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவாங்க. "தம்பி, அப்பா இடம் சும்மா கிடக்கு. நீதான் வரணும். மூணு மாசத்துக்கு ஒரு மீட்டிங். வேற ஒண்ணும் வேலை கிடையாது" என்றார்.

நான் சென்னையில் ஆடிட் வேலை பார்க்கிறவன். பெருமையாத்தான் இருந்தது. போனேன். மீட்டிங் முக்கால் மணி நேரம் நடக்கும். வரவு செலவு வாசிப்பாங்க. வடையும் காபியும் வரும். கடைசியா மினிட்ஸ் புக் கைமாறி என்கிட்ட வரும். கையெழுத்துப் போட்டுட்டு ராத்திரி ரயிலைப் பிடிச்சிடுவேன்.

ஒரு ஐப்பசி மாசம். நல்ல மழை, கரண்ட் இல்ல. பிரசவ வார்டில் முதல் பிரசவத்துக்கு வந்த ஒரு பொண்ணு. குழந்தையோட இதயத்துடிப்பு குறையுது, சிசேரியன் பண்ணியாகணும்னு டாக்டர் முடிவு பண்ணிட்டார். ஜெனரேட்டரைப் போட்டால் ஓடல. 108-ஐக் கூப்பிட்டு, 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஜி.ஹெச்.சுக்கு அனுப்பினாங்க. தாயும் பிழைச்சாங்க, பிள்ளையும் பிழைச்சது. ஆனால் குழந்தை 11 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு நான் ஊருக்குப் போனேன். அந்தப் பொண்ணோட அம்மா ஜி.ஹெச். வராந்தாவில் உட்கார்ந்திருந்தாங்க. "தம்பி, நீங்க கமிட்டியில இருக்கீங்களாமே. அந்த மிஷினு கெட்டுக் கிடக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாங்க.

தெரியாதுன்னு சொல்லலாம்னுதான் நினைச்சேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து மினிட்ஸ் புக்கைப் பிரிச்சேன். "ஜெனரேட்டர் பழுது நீக்கம்: அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது." தொடர்ந்து மூன்று கூட்டத்தில் இதே வரி. மூன்றுக்கும் கீழே என் கையெழுத்து. அதில் ஒரு கூட்டத்தில், நன்கொடையாளர் பெயர் போட்ட கிரானைட் நுழைவு வளைவுக்குப் பணம் ஒதுக்கியிருக்கோம். அதுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

சீனியர் நர்ஸ் அக்கா சொன்னாங்க: "ஒன்பது மாசமா சொல்லிக்கிட்டேதான் இருந்தோம். யாருகிட்ட சொல்லணும்னுதான் எங்களுக்குத் தெரியல."

இந்த எபிசோட் அந்த வாக்கியத்தைப் பற்றித்தான்.

குழு இருக்கு, கூட்டம் இருக்கு. அப்புறம் என்ன?

ஏதோ ஒரு சின்ன தனியார் டிரஸ்ட்டோட கதைன்னு நினைக்காதீங்க. அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் இந்த மாதிரிக் குழு உண்டு. நம்மில் பல பேருக்கு அது தெரியாது.

1994-இல் சூரத்தில் பிளேக் பரவி நாடே பயந்தது ஞாபகம் இருக்கா? நம்ம தலைமுறைக்கு இருக்காது, அப்பா அம்மாவைக் கேளுங்க. அந்த நேரத்தில் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் பெரிய அரசு மருத்துவமனை ஒன்று எலிகளாலும் குப்பையாலும் நிறைந்து கிடந்தது. ஊர் மக்கள் பணம் கொடுத்து, நிர்வாகமும் மக்களும் சேர்ந்து அதைச் சுத்தம் செய்தார்கள். ஒரு தடவை சுத்தம் செய்தால் போதாது, தொடர்ந்து கவனிக்க ஒரு அமைப்பு வேண்டும் என்று உருவானதுதான் 'ரோகி கல்யாண் சமிதி'. 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோது இந்த ஏற்பாடு நாடு முழுவதும் போனது. நம்ம ஊரில் அதுக்குப் பெயர் நோயாளர் நலச் சங்கம்.

அந்தத் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில், ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் சங்கத்துக்கு வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய், பராமரிப்புக்கு 50,000, அவசரத் தேவைக்கு என்று கட்டுப்பாடு இல்லாத நிதி 25,000. மொத்தம் 1,75,000 ரூபாய். சமவெளியில் சுமார் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. பெரிய பணம் இல்லைதான். ஆனால் உடைந்த குழாய், எரியாத விளக்கு, உட்கார பெஞ்ச் இதுக்கெல்லாம் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம். உள்ளூரிலேயே முடிவெடுக்கலாம்.

ஆனால் முடிவெடுக்க ஆள் கூடணும். கூடுறவங்க கேள்வி கேட்கணும். இல்லைன்னா நான் போட்ட மாதிரி கையெழுத்து மட்டும்தான் மிஞ்சும்.

பணத்தை மட்டும் பார்த்த ஒரு போர்டு

படிச்சவங்க உட்கார்ந்தால் சரியாகிடும்னு சிலர் சொல்வாங்க. அதுக்கு ஒரு வெளிநாட்டு உதாரணம் சொல்றேன். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு என்கிற சிறு நகரத்து மருத்துவமனை. 2005-க்கும் 2009-க்கும் இடையில் அங்கே நோயாளிகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. தண்ணீர் கைக்கு எட்டாமல், அழுக்கான படுக்கையில் கிடந்தார்கள். அந்த மருத்துவமனைக்கு முறையான போர்டு இருந்தது, தலைவர் இருந்தார், அறிக்கைகள் இருந்தன. போர்டின் கவனமெல்லாம் நிதிநிலையை ஒழுங்குபடுத்தி, தன்னாட்சி அந்தஸ்து வாங்குவதில் இருந்தது. அதற்காக ஆள்குறைப்பும் நடந்தது. வார்டில் என்ன நடக்கிறது என்று குடும்பத்தார் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. 2013-இல் ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான விசாரணை அறிக்கை 290 பரிந்துரைகளோடு வந்தது. நோயாளிகள் சொன்னதையும் ஊழியர்கள் சொன்னதையும் போர்டு போதிய அளவு கேட்கவில்லை என்பது அதன் முக்கியமான முடிவு.

எங்க ஆஸ்பத்திரியும் ஸ்டாஃபோர்டும் அளவில் எங்கேயோ இருக்கு. ஆனால் தப்பு ஒண்ணுதான். கணக்கு வாசிச்சோம். வார்டை வாசிக்கல.

நாங்க மாத்தினது

ஒரே நாளில் எதுவும் மாறல. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

முதல் மாற்றம், கூட்டத்தின் வரிசை. முன்னாடி வரவு செலவுதான் முதல். இப்போ நோயாளிகள் முதல். மூன்று மாசத்தில் எத்தனை பிரசவம், எத்தனை பேரை வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், ஏன் அனுப்பினோம், யாராவது இறந்தாங்களா, என்ன புகார் வந்தது. இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் பணம். வடை அதுக்கும் அப்புறம்.

இரண்டாவது, 'ஒத்திவைக்கப்பட்டது' என்று மட்டும் எழுதக் கூடாது. யார் செய்வாங்க, எந்தத் தேதிக்குள்ள, இது இரண்டும் பக்கத்திலேயே இருக்கணும். ஜெனரேட்டர், ஆக்சிஜன், ரத்த ஏற்பாடு, ஆம்புலன்ஸ் இந்த நாலையும் ஒத்திவைக்கவே கூடாது.

மூன்றாவது, யார் உட்காருறாங்க என்பது. என்னைத் தவிர எல்லாரும் அறுபது தாண்டின ஆண்கள். எல்லாரும் நன்கொடை கொடுத்த குடும்பங்கள். ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களில் பெரும்பகுதி பெண்கள். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து ஒரு அக்காவை உறுப்பினரா சேர்த்தோம். சீனியர் நர்ஸையும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் கூப்பிட்டோம். சுயஉதவிக் குழு அக்கா முதல் கூட்டத்திலேயே சொன்னாங்க: "பொம்பளைங்க கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதனால பிள்ளை பெத்தவளுவ தண்ணி குடிக்காமக் கிடக்காளுவ." அறையே அமைதியாகிடுச்சு. தாழ்ப்பாள் விலை நூறு ரூபாய்கூட இருக்காது. இத்தனை வருஷம் அது எங்க காதில் விழாததுக்குக் காரணம், சொல்லக்கூடியவங்க அந்த அறைக்குள்ளயே வரல.

நான்காவது கொஞ்சம் சங்கடமான விஷயம். மருந்து வாங்கினது ஒரு டிரஸ்டியோட மச்சான் கடையில். திருட்டுன்னு நான் சொல்லல. ஆனால் வேற யார்கிட்டயும் கொட்டேஷன் கேட்டதே இல்லை. இனிமே மூன்று கொட்டேஷன் வேணும், சொந்தக்காரர் விஷயம் வரும்போது அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போகணும் என்று தீர்மானம் போட்டோம். ஒருத்தர் விலகிட்டார். அண்ணாச்சி என்கிட்ட நாலு மாசம் சரியா முகம் கொடுத்துப் பேசல. ஊரில் இதுதான் கஷ்டம். கேள்வி கேட்டால், நம்பிக்கை இல்லைன்னு எடுத்துக்குவாங்க. "கேட்கிறது உங்களைச் சந்தேகப்பட்டு இல்ல அண்ணாச்சி, நாளைக்கு யாரும் உங்களைச் சந்தேகப்படக் கூடாதுன்னுதான்" என்று நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

ஐந்தாவது, எல்லைக்கோடு. நிர்வாகக் குழு டாக்டர் வேலையைச் செய்யக் கூடாது. "நம்ம ஆளு வர்றாரு, முதல்ல பாருங்க" என்று டிரஸ்டி போன் பண்றது நிர்வாகம் இல்லை, குறுக்கீடு. குழுவோட வேலை, வேலை ஒழுங்கா நடக்குதான்னு கேட்கிறதும், நடக்கத் தேவையானதைக் கொடுக்கிறதும்.

டாக்டர் போயிடுவார், அப்புறம்?

இங்கேதான் தலைமை பற்றிப் பேசணும். கிராமத்து ஆஸ்பத்திரிக்கு வர்ற டாக்டர் பெரும்பாலும் இருபத்தி ஏழு, இருபத்தி எட்டு வயசுக்காரர். எம்.பி.பி.எஸ். படிப்பு வைத்தியம் பார்க்கச் சொல்லித் தருது. சம்பளப் பட்டியல், மருந்து இருப்பு, ஊழியர் சண்டை, கட்டடப் பழுது இதையெல்லாம் யாரும் சொல்லித் தரல. கத்துக்கிட்டு நிமிரும்போது மேல்படிப்புக்கு இடம் கிடைச்சு அவர் போயிடுவார். அது தப்பும் இல்லை. அடுத்தவர் வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதனால் ஆஸ்பத்திரியோட ஞாபகசக்தி அந்தக் குழுவில்தான் இருக்கணும்.

இதை நல்லாச் செய்த ஒரு இடம் நம்ம நீலகிரியிலேயே இருக்கு. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை, 1990-இல் தொடங்கியது. அஸ்வினி என்ற அமைப்பு நடத்துகிறது. பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர், இருளர் சமூகங்களுக்காக வந்த மருத்துவமனை. வெளியிலிருந்து வந்த டாக்டர்கள்தான் தொடங்கி வைத்தார்கள். ஆனால் ஆரம்பத்திலிருந்தே நோக்கம் ஒன்றுதான்: இது ஆதிவாசிகளுக்குச் சொந்தமான மருத்துவமனையாக இருக்க வேண்டும். அதிகம் படிக்க வாய்ப்பில்லாத ஆதிவாசி இளம்பெண்களுக்கு நர்ஸாகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்சி கொடுத்தார்கள். நிர்வாகத்திலும் ஆதிவாசிகளை உட்கார வைத்தார்கள். நோயாளியோட மொழி தெரிந்தவர் வார்டிலும் இருக்கிறார், முடிவெடுக்கிற இடத்திலும் இருக்கிறார். டாக்டர்கள் மாறினாலும் ஆஸ்பத்திரி யாருக்கானது என்பது மாறாது.

நீங்க என்ன செய்யலாம்?

கேட்கிற உங்களில் பல பேர் சென்னை, கோவை, பெங்களூரில் இருப்பீங்க. உங்க எல்லாருக்கும் ஒரு ஊர் இருக்கு. அந்த ஊரில் ஒரு ஆஸ்பத்திரி இருக்கு.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க: நோயாளர் நலச் சங்கத்தில் யார் யார் இருக்காங்க, கடைசியா எப்போ கூடினாங்க? பதில் வரலைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. பத்து ரூபாய்க் கட்டணம். 30 நாளில் பதில் தரணும். கூட்டத் தீர்மானங்களோட நகலைக் கேட்கலாம். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு நாள் கிராமசபை கூடணும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆஸ்பத்திரி விஷயத்தை அங்கே எழுப்பலாம். அரசியலமைப்பின் 11-ஆவது அட்டவணையில், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய விஷயங்களில் மருத்துவமனையும் ஆரம்ப சுகாதார நிலையமும் இருக்கு.

ஒருவேளை உங்களுக்கும் "வேற ஒண்ணும் வேலை கிடையாது" என்று ஒரு போன் வரலாம். ஏத்துக்கோங்க. ஆனால் போன முதல் நாளே வார்டை ஒரு சுத்து சுத்தி வாங்க. கழிப்பறைக் கதவைச் சாத்திப் பாருங்க. நைட் டியூட்டி நர்ஸ்கிட்ட, "உங்களுக்குப் பயமா இருக்கிற விஷயம் என்ன?" என்று கேளுங்க. அந்தப் பதிலை மினிட்ஸ் புக்கில் எழுத வைங்க.

எங்க ஊரில் இப்போ ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பத்து மணிக்கு ஜெனரேட்டரைப் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்க்கிறாங்க. வாட்ச்மேன் ஒரு நோட்டில் கையெழுத்துப் போடுவார். மீட்டிங்குக்குப் போனதும் நான் முதல்ல பார்க்கிறது அந்த நோட்டைத்தான்.

அந்தக் குழந்தைக்கு இப்போ மூணு வயசு. நல்லா ஓடியாடி விளையாடுது. அதோட அம்மா இரண்டாவது பிரசவத்துக்கு எங்க ஆஸ்பத்திரிக்கு வரல. நேரா ஜி.ஹெச்.சுக்குப் போயிட்டாங்க. அவங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன். இதைக் கூட்டத்தில் சொன்னேன். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அதையும் எழுதிக்கோ தம்பி" என்றார். எழுதினோம். படிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

உங்க ஊர் ஆஸ்பத்திரியில் நீங்க பார்த்ததை எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.