யார் வீட்டுக் கரண்டு?

(பாட்டுக் குழுவினருக்கான பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். இன்றைக்குக் கிடாரைப் பற்றி, அதிலும் கிடாருக்கு வேண்டிய பேட்டரியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். சந்தோஷம். கவிதையைவிட இது உடனே பயன்படும்.

பறைக்குக் கரண்டு வேண்டாம். தீ மூட்டித் தோலைக் காய்ச்சினால் போதும், ஊருக்கே கேட்கும். எலக்ட்ரிக் கிடார் அப்படியில்லை. ஆம்ப்ளிஃபையர் வேண்டும். சத்தத்தை முறுக்கவும் எதிரொலிக்க வைக்கவும் எஃபெக்ட் பெடல்கள் வேண்டும். இவை அத்தனைக்கும் ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும். அது யார் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சிகாகோவில் மேக்ஸ்வெல் தெரு என்று ஒரு சந்தைத் தெரு இருந்தது. மிசிசிப்பிப் பருத்திக்காடுகளிலிருந்து பிழைக்க வந்த கறுப்பின மக்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கிடாரும் ஆம்ப்ளிஃபையருமாக நின்று ப்ளூஸ் வாசித்தார்கள். கரண்டு? பக்கத்து வீட்டுக்காரருக்கோ கடைக்காரருக்கோ காசு கொடுத்து ஒயரை இழுத்துக்கொண்டார்கள். லிட்டில் வால்டர், ராபர்ட் நைட்ஹாக் போன்ற பெரிய கலைஞர்களெல்லாம் அங்கே வாசித்தவர்கள்தான். 1964இல் மைக் ஷே எடுத்த ஆவணப்படத்தில் நைட்ஹாக் அந்தத் தெருவிலேயே வாசிப்பதைப் பார்க்கலாம். பின்னால் வந்த ராக் இசைக்கு இந்த ப்ளூஸ்தான் தாய். ஆனால், ஒயர் எட்டுகிற தூரம் வரைக்கும்தான் அவர்களுடைய மேடை.

நமக்கும் அதே கதைதான். ஒரு ஊரில் டீக்கடையிலிருந்து ஒயர் இழுத்திருந்தோம். மூன்றாவது பாட்டில் சாதிப் பெயரைச் சொல்லிக் கேட்கிற ஒரு வரி வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. பிடுங்கினார்கள், அவ்வளவுதான். பறை நிற்கவில்லை. கிடார் நின்றுபோனது.

நான் பேங்க் கிளார்க். எதையும் வரவு செலவாகப் பார்த்தே பழக்கம். முதலில் செலவை எழுதுங்கள். எத்தனை மில்லி ஆம்பியர் என்று பெடலின் அடியிலோ கூட வரும் தாளிலோ போட்டிருக்கும். நம் குழுவின் கணக்கு: டியூனர் 30, ஓவர்டிரைவ் 10, டிஜிட்டல் டிலே 60. மொத்தம் 100. இது சில்லறைச் செலவு. பெருஞ்செலவு ஆம்ப்ளிஃபையர்தான். 12 வோல்ட்டில் ஓடுகிற சின்ன ஆம்ப்ளிஃபையர் சராசரியாக 1 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம்.

இனி வரவு. சின்ன யு.பி.எஸ்.ஸில் இருக்குமே, அந்த 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. எடை இரண்டு கிலோ சொச்சம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். 7 இருக்கிறதே என்று முழுதையும் எடுக்கக் கூடாது. இதற்கும் மினிமம் பேலன்ஸ் உண்டு. பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டே இருந்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். மூன்றரையை 1.1ஆல் வகுத்தால் மூன்று மணி நேரம். நமக்குத் தாராளம்.

பெடல்களுக்கு 12 ஆகாது, 9 வோல்ட் வேண்டும். அதற்கு 7809 என்கிற மூன்று கால் ரெகுலேட்டர் போதும். ரிச்சி தெருவில் கிடைக்கும். கரண்டு உள்ளே வருகிற பக்கம் ஒன்று, வெளியே போகிற பக்கம் ஒன்று என்று இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள். ஸ்விட்சிங் கன்வெர்ட்டர் போட்டால் பேட்டரி மிச்சமாகும் என்பார்கள். 100 மில்லி ஆம்பியரில் அந்த மிச்சம் பெரிதில்லை. மட்டமான கன்வெர்ட்டராக இருந்தால் ஸ்பீக்கரில் கொசு மாதிரி கத்தும்.

மூணு விஷயத்தை மறந்துடாதீங்க.

ஒண்ணு, பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே 3 ஆம்பியர் ஃப்யூஸ் போடணும். இரண்டு முனையையும் மூடி வைக்கணும். பையில் கிடக்கிற கிடார் கம்பி இரண்டிலும் பட்டால் பழுத்துவிடும்.

ரெண்டு, பெரும்பாலான பெடல்களில் நடு முனை மைனஸ், வெளிப்பக்கம் பிளஸ். கடையில் வாங்குகிற அடாப்டர்கள் பல இதற்கு நேர் எதிர். மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் சொருகாதீங்க.

மூணு, டிஜிட்டல் டிலேயும் ஓவர்டிரைவும் ஒரே லைனில் கரண்டு வாங்கினால், டிலேயின் கீச்சுச் சத்தத்தை ஓவர்டிரைவ் பெரிதாக்கிவிடும். ஓவர்டிரைவுக்கு மட்டும் தனியாக ஒரு 9 வோல்ட் சின்ன பேட்டரி கொடுத்துடுங்க. 10 மில்லி ஆம்பியர்தானே, அல்கலைன் பேட்டரி நாற்பது மணி நேரம் தாங்கும். வாசித்து முடித்ததும் அந்தப் பெடலின் இன்புட் ஒயரைக் கழற்றிடணும். சொருகியே இருந்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

ஆறு பென்டார்ச் பேட்டரியில் ஓடுகிற ரோலண்ட் மைக்ரோ கியூப் மாதிரி ரெடிமேட் பெட்டிகளும் உண்டு. வசதியுள்ளவர்கள் வாங்கலாம். பறைக்குப் பக்கத்தில் அதன் சத்தம் எடுபடாது என்பது ஒன்று. பழுதானால் நாமே பிரித்துச் சரிசெய்யத் தெரிந்த பெட்டிதான் நமக்கு நல்லது என்பது இன்னொன்று.

பேட்டரி சமத்துவத்தைக் கொண்டுவந்துவிடாது. சார்ஜ் ஏற்றவும் ஒரு பிளக் வேண்டும்தான். ஆனால் அது நம் வீட்டுப் பிளக். முதல்நாள் ராத்திரியே ஏற்றிவைத்துவிட்டுக் கிளம்பலாம். நிகழ்ச்சி முடிந்து வந்த அன்றைக்கே மறுபடி ஏற்றிவிடுங்கள்; காலியாகக் கிடந்தால் பேட்டரி செத்துப்போகும். எந்தத் தெருவில் நிற்பது, எந்தப் பாட்டைப் பாடுவது, எப்போது நிறுத்துவது என்பதை இனி நாம் முடிவு செய்வோம்.

சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சால்ட்ரிங் அயர்ன் இரண்டு இருக்கிறது. 7809 ஆளுக்கு ஒன்று வாங்கி வந்திருக்கிறேன்.