இருட்டு பழகக் கண்ணுக்கு நேரம் கொடுங்கள்

சமீபத்தில் தச்சநல்லூரில் ஓர் அண்ணாச்சி என்னிடம், "சார், ராத்திரி பம்புசெட் ரூமில் பல்பு வெளிச்சத்துல நின்னுட்டு வரப்புக்கு வந்தேன். ஒண்ணுமே தெரியல. கயிறுன்னு நெனைச்சு மிதிக்கப் போனேன், பார்த்தா கட்டுவிரியன்! கண்ணு கெட்டுப் போச்சா?" என்று கேட்டார்.

கண் கெடவில்லை. கால்தான் அவசரப்பட்டது.

நமது விழித்திரையில் குச்சி செல்கள், கூம்பு செல்கள் என்று இரு வகை உண்டு. பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் கூம்பு செல்கள். மங்கிய வெளிச்சத்துக்குக் குச்சி செல்கள். குச்சி செல்லில் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. பலத்த வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும். இருட்டில் மெல்ல மெல்லத் திரும்ப உண்டாகும். மடையைத் திறந்தால் குளம் சீக்கிரம் வடிந்துவிடுகிறது. மறுபடி பெருக நாளாகிறது அல்லவா? அதே கதைதான். கூம்பு செல்கள் பத்து நிமிடத்துக்குள் தேறிவிடும். குச்சி செல்கள் முழுசாகத் தேற அரை மணிக்கு மேலும் ஆகும்.

ஆகவே பல்பை நேராகப் பார்க்காதீர்கள். மதுரை ரோட்டில் எதிரே லாரி வெளிச்சம் வந்தால் ஓரமாக நின்று, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொள்ளுங்கள். பொத்திய கண் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கும். வரப்பில் இறங்கும்போது டார்ச்சைத் தரையில் அடித்து, பார்த்துக் கால் வையுங்கள்.

இன்னொரு முக்கியமான சங்கதி. ரோடாப்சின் உண்டாக வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் இருட்டில் பார்வை தேறாது. இதுதான் மாலைக்கண். அந்தி சாய்ந்ததும் பிள்ளை தட்டுத் தடுமாறினால், 'விளையாட்டுப் புத்தி' என்று விட்டுவிடாதீர்கள். கவனிக்காமல் விட்டால் கருவிழி புண்ணாகி, பார்வையே போய்விடும். குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுக்கும் திட்டத்தை மத்திய அரசு 1970-லேயே தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு, உரிய வயதில் கொடுத்துவிடுங்கள். நாமாக வாங்கி ஊற்றக் கூடாது. அளவு மிஞ்சினால் கெடுதி.

கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி போதும். முருங்கைக்கீரையைக் கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்குங்கள். அப்போதுதான் அந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். பால், முட்டையும் நல்லது.

பெரியவர்களுக்கு இந்தக் குறை வந்தால் கண்புரையோ, பரம்பரை விழித்திரை நோயோ காரணமாக இருக்கலாம். கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.