மிதிக்காத தளம்



அமெரிக்க மக்கள் பெரிதும் போற்றும் பேஸ்போல் ஆட்டத்தின் வரலாற்றிலே, வென்றவரைக் காட்டிலும் தோல்விக்குக் காரணமானவர் எனப்பட்ட ஓர் இளைஞரின் பெயர் நிலைத்துவிட்ட ஆட்டம் ஒன்று உண்டு. 1908ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆந் திகதி, நியூயோர்க் நகரின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் அது நடைபெற்றது. எதிர்த்து நின்றவை நியூயோர்க் ஜயன்ட்ஸ், சிக்காகோ கப்ஸ் என்னும் இரு அணிகள். அவற்றின் பகைமை நாடறிந்தது. அவ்வாண்டின் முதலிடத்துக்கு இவ்விரண்டோடு பிற்ஸ்பேர்க் அணியும் போட்டியிட்டது.

அன்று நியூயோர்க் அணியின் முதலாந் தளத்தைக் காத்து வந்த வீரர் முதுகு வலியினால் ஆடவில்லை. அவரது இடத்திலே பத்தொன்பது வயதினரான பிரெட் மேர்க்கிள் நிறுத்தப்பட்டார். எட்டு இன்னிங்ஸ் முடிவில் இரு அணிகளுக்கும் ஓட்டம் ஒவ்வொன்றே. ஒன்பதாவது இன்னிங்ஸில் நியூயோர்க் அணியின் இருவர் ஆட்டமிழந்திருக்க, மேர்க்கிள் பந்தை நன்கு அடித்து முதலாந் தளத்தை அடைந்தார். மக்கோர்மிக் என்பவர் மூன்றாந் தளத்தை எய்தினார். அடுத்து வந்த பிரிட்வெல் அடித்த பந்து மைய வெளியை நோக்கிப் பாய்ந்தது. மக்கோர்மிக் ஓடி வந்து ஓட்டத்தை நிறைவேற்றினார். வெற்றி கிட்டியதென எண்ணிய மக்கள் மைதானத்துள் வெள்ளம்போற் புகுந்தனர்.

ஆனால், மேர்க்கிள் இரண்டாந் தளத்தை மிதிக்கவில்லை. பாதி வழியில் திரும்பி ஓய்வறையை நோக்கி ஓடினார். பின்னால் வருபவருக்கு இடம்விட்டு ஓடவேண்டியவர் அடுத்த தளத்தை அடையுமுன் மூன்றாமவராக ஆட்டமிழப்பாராயின், அந்த ஓட்டம் செல்லாது என்பது விதி. எனினும், ஆட்டம் முடிந்ததும் கூட்டத்துக்கு அஞ்சித் தளத்தை மிதிக்காது விரைந்து செல்வது அக்கால வீரர் பலரின் வழக்கம். பத்தொன்பது நாள்களுக்கு முன்னர் பிற்ஸ்பேர்க்கிலும் இவ்வாறே நிகழ்ந்தது. சிக்காகோ வீரர் ஜொனி எவெர்ஸ் முறையிட்டும், தாம் அதனைக் காணவில்லையெனக் கூறி நடுவர் ஹாங்க் ஓடே மறுத்துவிட்டார். இம்முறையும் அதே எவெர்ஸ், அதே நடுவர். எவெர்ஸ் பந்தொன்றைப் பெற்று இரண்டாந் தளத்தை மிதித்து நின்றார். அது அடிக்கப்பட்ட அதே பந்துதானா என்பதிற் பலரும் பலவாறு சாட்சி கூறினர். மேர்க்கிள் ஆட்டமிழந்தார் என ஓடே தீர்ப்பளித்தார். இருளும் கூட்டமும் சூழ்ந்தமையால், ஆட்டம் சமநிலையில் முடிந்ததாயிற்று.

பருவம் முடிந்தபோது இரு அணிகளும் 98 வெற்றி, 55 தோல்வியுடன் சரிநிகராய் நின்றன. ஒக்டோபர் 8ஆந் திகதி மீண்டும் ஆடிய ஆட்டத்தில், 37 வெற்றிகள் ஈட்டியிருந்த மத்தியூசன் பந்து வீசியும், சிக்காகோ 4–2 என வென்றது. பின்னர் உலகக் கிண்ணத் தொடரிலும் அதுவே வாகை சூடிற்று. அதனை மறுமுறை வெல்ல அவ்வணி 2016 வரை காத்திருக்க நேர்ந்தது.

பழியோ மேர்க்கிளின் தலையில் விழுந்தது. மண்டையில் எலும்பன்றி வேறில்லாதவர் என்று பொருள்படும் பட்டப்பெயர் அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. பருவ இறுதியில் பிலடெல்பியாவின் கோவெலெஸ்கி என்னும் ஒரே பந்துவீச்சாளர் ஐந்து நாள்களுள் மும்முறை நியூயோர்க்கைத் தோற்கடித்ததை நினைப்பார் சிலரே. அம்மூன்றில் ஒன்றை வென்றிருந்தாலும் இரு அணிகளும் சரிநிகராய் நின்றிரா. அணித் தலைமையாளர் ஜோன் மக்கிரோ மட்டும் அவ்விளைஞரைக் கைவிடவில்லை. 1911 முதல் 1913 வரை அணி தொடர்ந்து முதலிடம் பெற்றபோது மேர்க்கிள் அதில் ஆடினார். பிற்காலத்திற் சிக்காகோ அணிக்கே ஆடியதும் உண்டு. 1950இல் முன்னாள் வீரர்களின் ஆட்டமொன்றுக்கு வந்தபோது மக்கள் அவரை ஆரவாரித்து வரவேற்றனர். 1956இல் அவர் காலமானார்.

விதிப்படி ஓடேயின் தீர்ப்பு சரியானதே. ஆயினும், எல்லோரும் செய்து வந்த ஒன்றுக்கு ஒருவரே தண்டனை அனுபவித்தார். குழுவின் தோல்வியைத் தனியொருவர்மேற் சுமத்தும் அவசரம் விளையாட்டுத் திடலோடு நின்றுவிடுவதில்லை. அதனை நாம் நினைவிற் கொள்ளுதல் நன்று.