கல்லாச் சாவி யாரிடம்?

பங்குச் சந்தைக்குப் புதிதாக வருகிறவர்கள் தவறாமல் கேட்பது இது: டி.சி.எஸ். வாங்கலாமா, இன்ஃபோசிஸ் வாங்கலாமா?

இன்ஃபோசிஸ் பேரை எடுத்தாலே யாராவது ஒரு பழைய கணக்கை எடுத்துவிடுவார்கள். 1993-இல் அந்தப் பங்கு 95 ரூபாய்க்குப் பொதுமக்களிடம் வந்தது. முழுதும் விற்கவில்லை. அமெரிக்க முதலீட்டு வங்கி மார்கன் ஸ்டான்லி கைகொடுத்ததால்தான் வெளியீடு தப்பியது. அன்று 9,500 ரூபாய்க்கு 100 பங்கு வாங்கி, இன்றுவரை விற்காமல் வைத்திருப்பவரிடம், போனஸும் பங்குப் பிரிப்புமாகப் பெருகி 1,02,400 பங்குகள் இருக்கும். டி.சி.எஸ். 2004-இல்தான் சந்தைக்கு வந்தது, 850 ரூபாய்க்கு. அப்போதைய 100 பங்கு இப்போது 800.

கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று வாங்குகிறவருக்கு இதனால் காலணா பயனில்லை. 2024-25 நிதியாண்டில், நாணய மாற்று ஏற்ற இறக்கத்தை நீக்கிப் பார்த்தால், இரண்டும் வளர்ந்தது ஒரே அளவு: 4.2 சதவீதம். செய்யும் தொழிலும் ஏறக்குறைய ஒன்றே: மென்பொருள் சேவை. டி.சி.எஸ். பெரியது, அந்த ஆண்டு வருமானம் 2,55,324 கோடி ரூபாய், இன்ஃபோசிஸுக்கு 1,62,990 கோடி. நூறு ரூபாய் வருமானத்தில் செயல்பாட்டு லாபமாக டி.சி.எஸ்.ஸிடம் 24 ரூபாய் சொச்சம் நின்றது, இன்ஃபோசிஸிடம் 21.

பிறகு எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது? கல்லாச் சாவி யாரிடம் என்று பாருங்கள்.

டி.சி.எஸ்.ஸில் 70 சதவீதத்துக்கு மேல் டாடா குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸ் வசம். அவர்களுக்கு முக்கிய வருமானமே டி.சி.எஸ். தரும் டிவிடெண்ட்தான். பெரிய முதலாளிக்குப் பணம் தேவைப்படும்போதெல்லாம், பத்துப் பங்கு வைத்திருக்கும் ஓய்வூதியக்காரருக்கும் அதே விகிதத்தில் வந்து சேரும். இதில் ஒரு சங்கடமும் உண்டு. 2024 மார்ச்சில் டாடா சன்ஸ் சுமார் 9,000 கோடி ரூபாய்க்குப் பங்குகளை விற்றபோது விலை சறுக்கியது.

இன்ஃபோசிஸில் நிறுவனர் குடும்பங்களின் பங்கு 15 சதவீதத்துக்கும் குறைவு. அப்படி ஒற்றை முதலாளி இல்லாத இடத்தில், நாற்காலியில் யார் என்பது பெரிய விஷயமாகிவிடுகிறது. 2017-இல் தலைமைச் செயல் அதிகாரி விஷால் சிக்கா விலகியபோது பங்கு அடிவாங்கியது. 2019 அக்டோபரில் கணக்குகள் பற்றிய பெயரில்லாப் புகார் வெளிவர, ஒரே நாளில் 16 சதவீதம் சரிந்தது. போதாக்குறைக்கு, இவ்வளவு வளர்வோம் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே மதிப்பீடு சொல்லும் வழக்கம் வேறு. 2013 ஏப்ரலில் அந்த மதிப்பீடு சந்தைக்குப் பிடிக்காமல் போக, ஒரு நாளில் 21 சதவீதம் போயிற்று. டி.சி.எஸ். அப்படி வாய் கொடுத்து மாட்டிக்கொள்வதில்லை.

ஆகவே, வழக்கமான டிவிடெண்டை நம்பி வாங்குகிறவருக்கு டி.சி.எஸ்.; சரியும் நாளில் வாங்கத் துணிவும் காத்திருக்கப் பொறுமையும் உள்ளவருக்கு இன்ஃபோசிஸ். சென்ற சில ஆண்டுகளாக நான் இப்படித்தான் சொல்லிவந்தேன்.

2025 அந்தக் கணக்கைக் கொஞ்சம் கலைத்துவிட்டது. செப்டம்பரில் இன்ஃபோசிஸ், பங்கு 1,800 ரூபாய் வீதம் 18,000 கோடிக்குத் தன் பங்குகளையே திரும்ப வாங்கும் பைபேக் அறிவித்தது; இன்ஃபோசிஸும் கல்லாவைத் திறந்துவிட்டது. அடுத்த மாதமே டி.சி.எஸ்., செயற்கை நுண்ணறிவுக்காகப் பிரம்மாண்டமான தரவு மையங்கள் கட்டப்போவதாகச் சொன்னது. கணினியும் ஆளும் இருந்தால் ஓடும் தொழில், கட்டடத்திலும் மின்சாரத்திலும் பல்லாயிரம் கோடி போடும் தொழிலாக மாறினால், டாடா சன்ஸுக்குப் போகும் டிவிடெண்ட் குறையுமா? டி.சி.எஸ். வாங்க நினைப்பவர்கள் அடுத்த காலாண்டு முடிவுகளில் முதலில் தேடவேண்டியது அதைத்தான்.