கால் பட்ட கரை நிலைக்கும்



வாசகர் வட்டத்து நண்பர்களே, 'நம் தீவில் நான் விரும்பும் வெளியிடங்கள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். ஊரிலிருந்து வரும் உறவினர்கள், "சிங்கப்பூரில் கட்டடத்தையும் கடைத்தொகுதியையும் விட்டால் வேறென்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் எனக்கு வருத்தமில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளும் அதையே சொல்லும்போதுதான் மனம் கனக்கிறது.

சுமார் 730 சதுர கிலோமீட்டர்தான் நம் நாடு. வீடு, துறைமுகம், விமான நிலையம், தொழிற்பேட்டை, ராணுவப் பயிற்சித் தளம் எல்லாம் இதற்குள் அடங்கியாக வேண்டும். இங்கே ஒரு காடு காடாகவே நிற்கிறது என்றால் அது தற்செயலாக நடந்துவிடாது. நான் விரும்பும் இடங்களை வரிசையாக எண்ணிப் பார்த்தேன். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் ஒரே செய்தியைச் சொல்கின்றன: மக்கள் தேடிப் போய்ப் பார்த்த இடம் பிழைத்திருக்கிறது. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்தேன்.

முதலில் சுங்கை பூலோ. வடமேற்கு மூலையில், ஜொகூர் நீரிணையை ஒட்டிய சதுப்புநிலம். ஒரு காலத்தில் அங்கே இறால் பண்ணைகள் இருந்தன. செப்டம்பர் பிறந்தால் சைபீரியாவிலிருந்தும் வட ஆசியாவின் பிற பகுதிகளிலிருந்தும் உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் வரத் தொடங்கும். மார்ச் வரை வந்துபோகும். சில இங்கேயே தங்கும், சில இரை தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு தெற்கே ஆஸ்திரேலியாவரை போகும். வெளியே கடல் ஏறிச் சேற்றுத் திட்டுகள் மூழ்கும் நேரத்தில், பழைய இறால் குளங்களின் மதகுகளைக் கொண்டு உள்ளே நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைக்கிறார்கள். பறவைகளுக்குக் கால் வைக்கச் சேறு கிடைக்கிறது. மரக்குடிலின் சாளரம் வழியாகப் பாருங்கள்: பவளம்போல் சிவந்த காலோடு பவளக்காலி நடக்கும். அலையாத்தி வேர்களுக்கு நடுவே மீன் ஒன்று சேற்றில் தாவும். கரையோரம் உடும்பு வெயில் காயும். நேரம் நன்றாக இருந்தால் உவர்நீர் முதலையின் முதுகும் தெரியும்.

இந்த இடத்தின் அருமையை 1986-இல் எடுத்துச் சொன்னவர்கள் யார்? தொலைநோக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு விடுமுறை நாளில் பறவை பார்க்கப் போன ஆர்வலர்கள். அவர்கள் பார்த்ததை எழுதி வைத்தார்கள். எழுதியதை அரசாங்கத்திடம் கொண்டுபோனார்கள். அரசாங்கமும் கேட்டது. 1993-இல் அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002-இல் சட்டப் பாதுகாப்புள்ள இயற்கைக் காப்பகமானது.

அடுத்து புலாவ் உபின். சாங்கிப் படகுத்துறைக்குப் போங்கள். 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பிவிடும். பத்து நிமிடத்தில் அக்கரை. அந்தத் தீவிலிருந்து வெட்டிய கருங்கல்தான் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கமாக 1851 முதல் கடலில் நிற்கிறது. கல் வெட்டிய பள்ளங்களில் இப்போது பச்சைத் தண்ணீர் நிற்கிறது, நாரை கூடு கட்டுகிறது. வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு கிழக்கு முனைக்குப் போனால் செக் ஜாவா.

அன்பர்களே, செக் ஜாவாவைக் கடல் வற்றிய நேரத்தில் பார்க்க வேண்டும். மணல்கரை, பாறைக்கரை, கடற்புல் வெளி, பவளச் சிதறல், அலையாத்திக் காடு, கரையோரக் காடு ஆகிய ஆறும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. காலையில் முழங்கால் ஆழம் நீர் இருந்த இடத்தில் நட்சத்திர மீன் கிடக்கும், கடல் அட்டை நெளியும். ஒற்றைக் கொடுக்கை உயர்த்தி உயர்த்தி ஆண் நண்டு பெண் நண்டை அழைக்கும். அந்தக் கரையை மண் கொட்டித் தூர்க்கத் திட்டம் இருந்தது. 2000-ஆம் ஆண்டின் இறுதியில்தான் அங்கே என்ன இருக்கிறது என்பது வெளியே தெரிந்தது. தொண்டூழியர்கள் வெயிலில் குனிந்து நின்று உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள், மக்களை அழைத்துப் போய்க் காட்டினார்கள். அழியப் போகிறதே, ஒருமுறையாவது பார்த்துவிடுவோம் என்று ஆயிரக்கணக்கானோர் படகேறினார்கள். தாத்தா பாட்டியோடு வந்தார்கள், கைக்குழந்தையோடு வந்தார்கள். பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். 2001 டிசம்பரில் தூர்க்கும் பணி ஒத்திவைக்கப்பட்டது. 2007-இல் நடைபாலம் திறந்தார்கள். இன்றைக்கும் அலை அங்கே ஏறி இறங்குகிறது. ஒத்திவைப்பு என்றுதான் நானும் சொன்னேன், கவனித்தீர்களா? அந்தக் கரையை மக்கள் மறந்துவிடாமல் இருப்பது அதற்கு இன்னும் தேவைப்படுகிறது.

அதே உபினில் இன்னொரு மகிழ்ச்சி, இருவாச்சிப் பறவை. நம் நாட்டை விட்டே போய்விட்டது என்று கருதப்பட்ட பறவை 1994-இல் அங்கே தென்பட்டது. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். சிறு இடைவெளி வழியாக ஆண் பறவை உணவு ஊட்டும். பொந்துள்ள பெரிய மரங்கள் குறைந்துபோனதால் ஆய்வாளர்கள் செயற்கைக் கூடுகள் அமைத்துக் கொடுத்தார்கள். இன்று சாங்கியில் அடுக்குமாடி வீட்டுச் சன்னல் ஓரத்தில்கூட அது வந்து அமர்கிறது.

தீவின் நடுவே காடு இருக்கிறது. புக்கிட் தீமா குன்றின் உயரம் 164 மீட்டர்தான். ஆனால் 1854-இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் அந்தப் பக்கத்துக் காடுகளில்தான் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துப் பக்கம் போனால் 250 மீட்டர் நீளத் தொங்குபாலம், காட்டின் தலைக்கு மேலே நம்மை நடத்திச் செல்லும். இதை அடுத்த லோவர் பியர்ஸ் காட்டில் கோல்ஃப் திடல் அமைக்க 1992 வாக்கில் யோசனை எழுந்தது. ஆர்வலர்கள் ஆய்வறிக்கை எழுதினார்கள், பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். திட்டம் நின்றது, காடு நிற்கிறது.

பழைய ரயில் பாதையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர். மலாயா ரயில்வேயில் நம் முன்னோர் எத்தனையோ பேர் உழைத்தார்கள். தண்டவாளத்தை ஒட்டிய குடியிருப்புகளில் நம் குடும்பங்கள் வாழ்ந்தன. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். தண்டவாளம் இருந்த நிலத்தைக் கூறுபோடாமல் பசும்பாதையாக வைத்திருங்கள் என்று மக்கள் கேட்டார்கள். அதனால்தான் இன்று நாம் வடக்கு முதல் தெற்கு வரை மர நிழலில் நடக்கிறோம்.

தூரம் போக நேரமில்லை என்பீர்கள். பீஷான்–அங் மோ கியோ பூங்காவுக்குப் போங்கள். காங்கிரீட் கால்வாயாக நேரே ஓடிய காலாங் ஆற்றை, 2012-இல் கரையில் புல்லும் மரமும் வளரும் வளைந்த ஆறாக மாற்றினார்கள். நீர்நாய்க் குடும்பங்கள் அங்கே வந்தன. காலையில் அவை மீனைக் கடித்துத் தின்னும் சத்தம் கரைக்கே கேட்கும்.

இது இலக்கியம் அறிந்த அவை. ஆகவே ஒன்று கேட்கிறேன். சங்கப் புலவர்கள் நெய்தல் பாடும்போது புன்னையைப் பாடினார்கள், தாழையை, கண்டலை, அடும்பங்கொடியைப் பெயர் சொல்லிப் பாடினார்கள். அந்தப் புன்னையும் தாழையும் கண்டலும் அடும்பும் நம் சிங்கப்பூர்க் கடற்கரையில் வளர்கின்றன. சாலையோரம் மஞ்சளாகப் பூத்துக் கொட்டும் அங்சானா, குறிஞ்சிப் பாட்டுகளில் வரும் வேங்கையின் நெருங்கிய உறவு. இவை நம் வீட்டுக்குக் கீழேயே நிற்க, நம் சிறுகதைகளில் மட்டும் 'ஏதோ ஒரு மரம்', 'ஏதோ ஒரு பறவை' என்று எழுதலாமா? கபிலர் வழி வந்தவர்களுக்கு அது தகுமா? எழுத்தாளர்களே, போய்ப் பாருங்கள். பெயர் சொல்லி எழுதுங்கள். பெயர் தெரிந்த மரத்தை வெட்டும்போதுதான் ஊர் ஏன் என்று கேட்கும்.

பெற்றோரே, பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ஏழு மணிக்கு முன் கிளம்புங்கள், வெயில் ஏறுமுன் திரும்பலாம். கடல் வற்றும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் திறந்தவெளியில் நிற்காதீர்கள். குரங்குக்குத் தீனி போட வேண்டாம். மனிதர் கையை நம்பிப் பழகிய குரங்கு கடைசியில் பிடிபடும், துன்பப்படும். சிப்பியையும் நட்சத்திர மீனையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். துணைப்பாட வகுப்பு ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் ஈடுகட்டலாம். பத்து வயதில் பவளக்காலியைப் பார்க்கும் வாய்ப்பைப் பின்னால் ஈடுகட்ட வழியில்லை.

நிறைவாக, செயற்குழுவினர் முன் ஒரு வேண்டுகோள். பறவைகள் வந்திறங்கும் பருவம் இது. நம் அடுத்த மாதக் கூட்டத்தை இந்த மண்டபத்தில் நடத்த வேண்டாம். சுங்கை பூலோவில் நடத்துவோம். கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தில் காலையில் கூடுவோம். வரும் ஒவ்வொருவரும் ஒரு மரத்தையோ பறவையையோ தமிழ்ப் பெயரோடு அறிந்து வந்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும். பறவை பார்க்கப் போன சிலர்தான் அந்த இடத்தை நமக்காகக் காப்பாற்றித் தந்தார்கள். அடுத்து காக்கும் முறை நம்முடையது. வர விரும்புகிறவர்கள் வாசலில் வைத்திருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிவிட்டேன்.