முதுமையும் நோய் இன்ஷியூரன்ஸும்

(தம்மம்பட்டியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் அணுகாத முதியோர் நம் குடும்பங்களில் அரியர். மாத்திரைச் செலவை எவ்வாறோ சமாளித்து விடுகிறோம். இருதயமோ சிறுநீரகமோ பழுதுற்றால் நிலம் கிரயமாகின்றது. ஆதலின் இன்ஷியூரன்ஸை நாம் அலட்சியம் செய்தலாகாது.

ஆயினும் பாலிஸி எடுக்குங்கால் உள்ள வியாதியை மறைத்தெழுதும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. பிரீமியம் ஏறுமென்ற அச்சமே காரணம். நம் உறவினரொருவர் அவ்வாறே மறைத்தார். இருதய சிகிச்சைக்குச் சேர்ந்தபோது, "சர்க்கரை பத்தாண்டு" என்று வைத்தியர் எழுதிய ஒரு வரியைக் காட்டிக் கம்பெனியார் பணம் மறுத்தனர். பச்சைமலை அடிவாரத்துக் காடு விலைபோயிற்று. கம்பெனியாரை மட்டும் நோவதற்கில்லை.

உண்மையை எழுதினால் நேர்வதென்ன? பிரீமியம் சற்று உயரலாம். முன்னரே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலமோ, 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மூன்றாண்டுக்கு மேற்படலாகாது. அதற்குமுன் நான்காண்டு வரை இருந்தது. அறுபத்தைந்து வயது கடந்தோர்க்கும் பாலிஸி தரும்படி அவ்விதிகள் வழிதிறந்தன. நீரிழிவுடையோர்க்கென்றே தனிப் பாலிஸிகளும் உள. அவற்றுட் சில, அந்நோயின் விளைவுகளுக்கு முதல் நாள்தொட்டே பொறுப்பேற்பன. ஆனால் செலவில் ஒரு பங்கை நோயாளியே ஏற்கவேண்டுமென்னும் நிபந்தனை சிலவற்றில் சிற்றெழுத்தில் ஒளிந்திருக்கும். படியாமல் கையொப்பமிடாதீர்கள்.

எழுபது நிரம்பியோர்க்கு, வருமானம் பாராமல், குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ரூ. 5 லட்சம் வரையிலான ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கும் ஆயுஷ்மான் ஏற்பாட்டை மத்திய சர்க்கார் 2024 அக்டோபர் 29-இல் தொடங்கிற்று. அதில் முன்னுள்ள நோய்க்குக் காத்திருப்பில்லை. தினசரி மாத்திரைக்கு அது உதவாது.

இன்றிரவே பெட்டியிலுள்ள பாலிஸியை எடுத்து, நோய்களைக் கேட்கும் பகுதியில் யாது எழுதப்பட்டுள்ளதென்று பாருங்கள். விடுபட்டிருப்பின் கம்பெனிக்குக் கடிதமூலம் தெரிவித்து, நகலொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.